ஆண்களைத் தேடிச் செல்லாத பரிசோதனை

நமது சிறப்பு நிருபர்

புது தில்லி: எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017-இன் 14-ஆவது பிரிவில் "இயன்ற வரையில்" என்றொரு சொற்றொடர் இடம்பெற்றுள்ளது. மசோதா விவாதத்துக்கு வந்தபோது நாடாளுமன்றத்திலும் வெளியிலும் கடும் ஆட்சேபத்துக்கு உள்ளான சொற்றொடர் அது. உயிர் காக்கும் மருந்தை இயன்ற வரையில்தான் தருவோம் என்று ஓர் அரசு சட்டத்திலேயே எழுதிக் கொள்ளலாமா என்பதே அன்று எழுந்த கேள்வி. அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் ஜே.பி. நட்டா சிகிச்சை குறித்து உறுதி அளித்தார். மாநிலங்களவையில் 2017 மார்ச் 21-ஆம் தேதியும், மக்களவையில் ஏப்ரல் 11-ஆம் தேதியும் மசோதா நிறைவேறியது. அந்தச் சொற்றொடர் மட்டும் நீக்கப்படவில்லை.

அதே வாக்கியத்தில் மருந்துக்கு முன்பாகவே இன்னொன்றும் குறிப்பிடப்பட்டுள்ளது. அது "நோயறியும் வசதிகள்", அதாவது பரிசோதனை. அதைத் தருவதும் இயன்ற வரையில்தான். மருந்தைப் பற்றி எழுந்த குரல் பரிசோதனையைப் பற்றி அந்த அளவுக்கு எழவில்லை. தனக்குத் தொற்று இருப்பதே தெரியாத ஒருவருக்கு, மருந்து இலவசம் என்பதால் என்ன பயன்?

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் (நாகோ) 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, நாட்டில் 25.44 லட்சம் பேர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்கின்றனர். அந்த ஆண்டில் மட்டும் 68,450 பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டது. 35,870 பேர் எய்ட்ஸ் தொடர்பான காரணங்களால் உயிரிழந்தனர். தொற்றுள்ளோரில் 100-க்கு 95 பேர் தம் நிலையை அறிந்திருக்க வேண்டும், அவர்களில் 95 சதவீதத்தினர் சிகிச்சை பெற வேண்டும், சிகிச்சை பெறுவோரில் 95 சதவீதத்தினரின் உடலில் கிருமி கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது 2025-ஆம் ஆண்டுக்கு வைக்கப்பட்ட இலக்கு. 2023-24-இல் இந்தியா எட்டியிருந்தது முறையே 81, 88, 97 சதவீதம்.

மூன்றாவது படியில் இலக்கையே தாண்டிவிட்டோம். சறுக்கல் முதல் படியில்தான். தம் நிலையை அறியாத 19 சதவீதம் என்பது ஏறத்தாழ 4.8 லட்சம் பேர். மருந்து இருக்கிறது, அது நன்றாக வேலையும் செய்கிறது. அது போய்ச் சேர வேண்டிய மனிதர்கள் யார் என்பதுதான் தெரியவில்லை.

பெண்களுக்கு ஒரு வாசல்

தொற்றுடன் வாழ்வோரில் பெண்கள் ஏறத்தாழ 44 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டோர் ஆண்கள். ஆனால், பொது சுகாதாரத் துறை வழக்கமாகப் பரிசோதனைக்கு அழைப்பது பெண்களைத்தான். கருவுற்ற பெண் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தவுடன் இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றோடு எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனை தரப்படுகிறது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்கும் இத்திட்டத்தால் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான பெண்கள் தம் நிலையை அறிகின்றனர்.

ஆணுக்கு அப்படியொரு வாசல் இல்லை. காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்பவர், எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் தாமாகவே சென்று நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது. மனைவியின் கர்ப்ப காலப் பரிசோதனையில் தொற்று தெரியவந்து கணவர் அழைக்கப்படலாம். காசநோய் முற்றி மருத்துவமனைக்கு வரும்போது பரிசோதிக்கப்படலாம். அறுவை சிகிச்சைக்கு முன்பாகத் தெரியவரலாம். இவற்றில் எதுவும் அவருக்காக வைக்கப்பட்ட ஏற்பாடு அல்ல. வேறொன்றுக்காகச் செய்த சோதனையில் அவருடைய நிலை வெளிப்படுகிறது, அவ்வளவே.

உலக நிலவரமும் இதையே காட்டுகிறது. ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் கணக்குப்படி, 2023-இல் தொற்றுள்ள வயது வந்த பெண்களில் 83 சதவீதத்தினர் சிகிச்சை பெற்றனர். ஆண்களில் அது 72 சதவீதம் மட்டுமே.

இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் மேற்கொண்ட அந்த ஆய்வில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் மாதிரிகள் திரட்டப்பட்டன. அறிவியலுக்கு அது பெரும் பங்களிப்பு. ஆனால், அந்தப் பெண்களிடம் வந்து சென்ற ஆண்களைத் தேடும் வேலை பின்னுக்குத் தள்ளப்பட்டது.

விழிஞ்ஞம் சொல்வது

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சுமார் 16 கி.மீ. தொலைவில், மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இருக்கிறது விழிஞ்ஞம். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் செப்பேட்டில் இடம்பெற்ற பழம்பெரும் துறைமுகம் அது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழகத்துடன் இணையும் வரை, விழிஞ்ஞமும் தூத்தூரும் குளச்சலும் ஒரே அரசின் கீழ் இருந்தவை. தொழிலும் உறவும் இன்றும் களியக்காவிளையைக் கடந்து நீள்கின்றன.

விழிஞ்ஞத்தில் தொற்று அதிகம் என்பதல்ல இங்கே சொல்ல வருவது. கேரளத்தில் வயது வந்தோரிடையே எச்.ஐ.வி. பரவல் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. தேசிய சராசரியான 0.20 சதவீதத்தைவிட அது தாழ்ந்தது. எனினும், பரிசோதனை எட்டாத ஆண்கள் எத்தனை வகையினர் என்பதை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால், விழிஞ்ஞம் போன்ற ஊர்கள் அரிது. மாலையில் கடலுக்குச் சென்று விடிந்தபின் கரை திரும்பும் மீனவர்கள், பருவத்துக்குப் பருவம் வேறு துறைமுகங்களுக்குத் தொழிலுக்குச் செல்வோர், வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்போர் அங்கு உள்ளனர். 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த சர்வதேசத் துறைமுகத்தின் தொழிலாளர்களும் இப்போது சேர்ந்துகொண்டனர். சாலை வழிச் சரக்குப் போக்குவரத்து பெருகும்போது லாரி ஓட்டுநர்களும் வருவர்.

கேரளத்தில் எச்.ஐ.வி. ஆலோசனை மற்றும் பரிசோதனை மையங்கள் "ஜோதிஸ்" என்ற பெயரிலும், சிகிச்சை மையங்கள் "உஷஸ்" என்ற பெயரிலும் இயங்குகின்றன. தமிழகத்தில் பரிசோதனை மையத்துக்கு "நம்பிக்கை மையம்" என்று பெயர். இங்கெல்லாம் பரிசோதனை இலவசம். முடிவு இரகசியமாகக் காக்கப்படுகிறது. முதற்கட்ட முடிவு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். குறை வேறிடத்தில் இருக்கிறது. அரசு மருத்துவமனையின் புறநோயாளி நேரம் முற்பகல். கடலிலிருந்து வந்தவர் அந்நேரத்தில் மீனை ஏலத்தில் விட்டுக் கொண்டிருப்பார், அல்லது வலையைச் சீர்செய்து கொண்டிருப்பார், அல்லது இரவு முழுதும் விழித்த களைப்பில் உறங்கிக் கொண்டிருப்பார்.

நாகோவின் திட்டங்களில் பாலியல் தொழிலாளர்கள், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கையர், ஊசி மூலம் போதை மருந்து ஏற்றிக் கொள்வோர் ஆகியோர் முதன்மைப் பிரிவினர். புலம்பெயர் தொழிலாளர்களும் லாரி ஓட்டுநர்களும் அடுத்த நிலையில் உள்ளனர். மீனவர்கள் தனிப் பிரிவினர் அல்லர். ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரிக்கரை மீனவக் குடியிருப்புகளில் தொற்று நாட்டுச் சராசரியைவிடப் பன்மடங்கு அதிகம் எனத் தெரியவந்ததும், உகாண்டா அவர்களைத் தனிக் கவனத்துக்குரிய பிரிவாகச் சேர்த்தது. நம் கடற்கரை நிலைமை அதுவல்ல. ஆனால், வீட்டை விட்டுப் பல நாள் விலகியிருக்கும் தொழில் என்ற அளவில், புலம்பெயர் தொழிலாளருக்குப் பொருந்தும் காரணம் மீனவருக்கும் பொருந்தும்.

இரத்தம் கொடுக்கப் போய்

தம் நிலையை இந்திய ஆண்கள் எப்படி அறிந்தார்கள் என்பதற்கு நீதிமன்றப் பதிவுகளிலேயே சான்றுகள் உண்டு. கோவாவைச் சேர்ந்த டொமினிக் டிசோசா தவறாமல் இரத்த தானம் செய்து வந்தவர். 1989-இல் அவருடைய இரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அதை அவரிடம் சொல்ல ஆலோசகர் எவரும் வரவில்லை. காவல் துறையினர் வந்தனர். கோவா பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ், முன்பு காசநோய் மருத்துவமனையாக இருந்த கட்டடத்தில் 60 நாள்களுக்கும் மேலாக அவர் அடைத்து வைக்கப்பட்டார். பின்னர் தொற்றுள்ளோரின் உரிமைக்காகக் குரல் கொடுத்த அவர் 1992-இல் மறைந்தார்.

1995-இல் உறவினர் ஒருவரின் அறுவை சிகிச்சைக்காக நாகாலாந்திலிருந்து சென்னை வந்தவரின் கதையும் அத்தகையதே. இரத்தம் கொடுக்கச் சென்ற இடத்தில் அவருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. செய்தி வெளியே கசிந்தது. நிச்சயிக்கப்பட்ட திருமணம் நின்றது. சொந்த ஊரிலும் அவரால் இருக்க முடியவில்லை. "திருவாளர் எக்ஸ்" என்ற பெயரில் அவர் தொடுத்த வழக்கில், இரகசியம் காக்கும் கடமை முழுமையானதல்ல என்று 1998-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தொற்றுள்ளவரின் திருமண உரிமை குறித்தும் பாதகமான கருத்துகளைக் கூறியது. திருமணம் பற்றிய அக்கருத்துகள் தேவையற்றவை என 2002-இல் உச்ச நீதிமன்றமே விலக்கியது.

மூன்றாவது, தமிழக வாசகர்கள் மறந்திருக்க முடியாத நிகழ்வு. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம், சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி கலந்த இரத்தம் ஏற்றப்பட்டது. அந்த இரத்தத்தைக் கொடுத்த இளைஞர் 2016-இலும் இரத்த தானம் செய்திருந்தார். அப்போதே சோதனையில் தொற்று தெரிந்திருந்தும் தகவல் அவரைச் சென்றடையவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் உறவினருக்காக மீண்டும் இரத்தம் கொடுத்தார். அதற்குச் சில நாள்களில், வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் அவருக்கு உண்மை தெரிந்தது. தெரிந்தவுடன் தாமே இரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். ஆனால், இரத்தம் அதற்குள் ஏற்றப்பட்டுவிட்டது. மனமுடைந்து தற்கொலைக்கு முயன்ற அவர், டிசம்பர் 30-ஆம் தேதி உயிரிழந்தார்.

பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு ரூ.25 லட்சம் இழப்பீடு வழங்க சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் உத்தரவிட்டது. பணியாளர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. இரத்த வங்கிகளின் பாதுகாப்பு குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது. அந்த இளைஞருக்கு இழைக்கப்பட்ட அநீதி மட்டும் அதிகம் பேசப்படவில்லை. 2016-இல் அவரைத் தேடிச் சென்று சொல்லியிருந்தால், அவர் சிகிச்சையில் இருந்திருப்பார். இரண்டாம் முறை இரத்தம் கொடுக்க முன்வந்திருக்க மாட்டார். ஒரு பெண்ணின் உடல்நலமும் ஓர் இளைஞரின் உயிரும் காக்கப்பட்டிருக்கும். பரிசோதித்தால் மட்டும் போதாது, முடிவு உரியவரிடம் ஆலோசனையோடு போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேண்டியதில்லை.

வளைகுடா விசாவுக்கான பரிசோதனையிலும் இதே குறை உள்ளது. வளைகுடா நாடுகள் வேலை விசாவுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கியுள்ளன, தொற்றுள்ளோரை அவை ஏற்பதில்லை. கேரளத்திலும் தென் தமிழகத்திலும் இளம் வயது ஆண்களில் கணிசமானோர் வாழ்நாளில் முதன்முதலாக எச்.ஐ.வி. பரிசோதனைக்கு உள்ளாவது அங்கேதான். "தகுதியற்றவர்" என்ற ஒற்றைச் சொல்லோடு திருப்பி அனுப்பப்படுபவர் அடுத்து எங்கே செல்கிறார் என்று கேட்பார் இல்லை. பரிசோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசனை தேவை என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். வேலைக்கு முன்நிபந்தனையாகப் பரிசோதனை கேட்பதையும் அது தடை செய்கிறது. ஆனால், அயல்நாட்டு விசா விதியை இந்தியச் சட்டம் மாற்ற இயலாது. இந்திய மண்ணில் இயங்கும் பரிசோதனைக் கூடம் தொற்றுள்ளவரை அரசு சிகிச்சை மையத்துக்கு வழிகாட்டி அனுப்ப வேண்டும் என்று விதிக்கவாவது இயலும்.

அச்சத்தின் வேர்

வாசல் இல்லாதது மட்டுமல்ல, அச்சமும் ஆண்களைத் தடுக்கிறது. 2003-இல் கொல்லம் மாவட்டத்தில், எய்ட்ஸ் நோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த இரு குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. அன்றைய மத்திய சுகாதாரத் துறை அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அக்குழந்தைகளை அணைத்துக் கொண்ட படம் நாடெங்கும் வெளியானது. எழுத்தறிவில் முன்னணியில் இருக்கும் மாநிலத்திலேயே இந்த நிலை என்றால், தன் பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்று ஒரு மீனவர் அஞ்சுவதில் வியப்பில்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த கடற்கரை ஊரில், பரிசோதனை மைய வாசலில் நிற்பதே செய்தியாகிவிடும்.

ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள் இன்னும் ஆழமாக மறைந்து வாழ்கின்றனர். அவர்களில் பலர் மணமானவர்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு, வயது வந்தோரின் விருப்ப உறவுக்குப் பொருந்தாது என்று 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த நான்காம் நாள், செப்டம்பர் 10-ஆம் தேதி, எச்.ஐ.வி. சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் அச்சம் நீங்கினாலும் ஊரின் அச்சம் அவ்வளவு விரைவில் நீங்குவதில்லை. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, எச்.ஐ.வி. பற்றி முழுமையான புரிதல் உள்ள ஆண்கள் 30.7 சதவீதம், பெண்கள் 21.6 சதவீதம்.

இந்த அச்சத்துக்கு அறிவியல் விடை தந்துவிட்டது என்பது இன்னும் பலரை எட்டவில்லை. சென்னை, புணே உள்ளிட்ட மையங்களில் நடைபெற்ற பன்னாட்டு ஆய்வு ஒன்று, தொற்றுள்ளவர் முன்கூட்டியே சிகிச்சை தொடங்கினால் துணைவருக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் கண்டறிந்தது. இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் கட்டுப்படுத்தப்பட்டவரிடமிருந்து பாலுறவு மூலம் தொற்று பரவாது என்பது பின்னர் உறுதியானது. தொற்று உறுதியான எவருக்கும் உடனே சிகிச்சை என்ற கொள்கை இந்தியாவில் 2017 ஏப்ரல் 28-ஆம் தேதி முதல் நடைமுறையில் உள்ளது. உரிய காலத்தில் அறிந்தவர் மாத்திரை சாப்பிட்டபடி கடலுக்குப் போகலாம், குடும்பம் நடத்தலாம், நோயற்ற குழந்தையைப் பெறலாம். அறியாதவருக்குத்தான் ஆபத்து; அவர் மூலம் மனைவிக்கும்.

கரையில் கிடைக்கும் காலம்

கடலோடிகளைக் கணக்கில் கொள்ளாததன் விலையை இக்கடற்கரை ஏற்கெனவே ஒருமுறை கொடுத்துள்ளது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தாக்கியபோது விழிஞ்ஞம், பூந்துறை முதல் தூத்தூர் வட்டாரம் வரை, கடலில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே அரசின் கணக்கும் தேவாலயங்களின் கணக்கும் ஒத்துப் போகவில்லை. கரையில் இல்லாத ஆண் அரசின் பதிவேட்டிலும் இல்லை என்பதே அன்று தெரிந்த உண்மை. சுகாதாரத் துறையின் பதிவேட்டுக்கும் இது பொருந்தும்.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் சீறும்போது, பாதுகாப்பான இயற்கைத் துறையான விழிஞ்ஞத்துக்கு அண்டை ஊர்ப் படகுகளும் வந்து சேர்கின்றன. கேரளத்தில் விசைப்படகுகளுக்கு 52 நாள் மீன்பிடித் தடை அமலாவதும் அப்போதுதான். குமரி மாவட்ட மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை இரு மாதங்களும் தடைக்காலம். மாதக் கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தூத்தூர் மீனவர்கள் அப்போது வீட்டில் இருப்பர். அந்த நாள்களில் இரத்த அழுத்தம், சர்க்கரை, காசநோய் ஆகியவற்றோடு எச்.ஐ.வி. பரிசோதனையையும் சேர்த்து, துறைமுகத்திலேயே, மாலை நேரத்தில் முகாம் நடத்தலாம். எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் என்றால் எவரும் தனித்துத் தெரிய மாட்டார். விருப்பம் கேட்டபின் மட்டுமே பரிசோதனை என்ற சட்ட விதி அங்கும் காக்கப்பட வேண்டும். கட்டாயப்படுத்தினால் ஆண்கள் முகாமுக்கே வர மாட்டார்கள்.

கர்ப்பிணியுடன் வரும் கணவருக்கும் அதே நாளில் பரிசோதனை வாய்ப்பை அளிக்கலாம். இரத்த வங்கியில் தொற்று தெரிந்த ஒவ்வொருவரும் சிகிச்சை மையத்தை அடைந்தாரா என்பதற்கு ஓர் அலுவலரைப் பொறுப்பாக்கலாம். வீட்டிலேயே செய்துகொள்ளும் சுய பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே பரிந்துரைத்துவிட்டது. வெளியே வந்து நிற்கத் தயங்குவோருக்கு, முறையான ஆலோசனை வசதியோடு, அதுவே ஏற்ற வழியாகலாம். ஆலோசனைக்கு 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் 2014 முதல் உள்ளது. அந்த எண் மீன் ஏலக் கூடத்திலும், படகுகளுக்கு டீசல் நிரப்பும் இடத்திலும் எழுதப்பட்டிருந்தால் பயன் கூடும்.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு, 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை ரூ.15,471.94 கோடி ஒதுக்கப்பட்டது. முழுவதும் மத்திய அரசின் நிதி. எனவே கேள்வி கேட்கும் உரிமையும் கடமையும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கே முதலில் உண்டு. எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர் என்று கேட்டால் கோடிகளில் பதில் வரும். அவர்களில் கர்ப்பிணிகளை நீக்கிவிட்டால் ஆண்கள் எத்தனை பேர், கடலோர மாவட்டங்களில் எத்தனை பேர், தொற்று தெரிந்தபோது எத்தனை பேரின் உடல்நிலை ஏற்கெனவே முற்றியிருந்தது என்று கேட்டால்தான் உண்மை நிலவரம் வெளிவரும். தமிழகத்திலும் கேரளத்திலும் கடற்கரைத் தொகுதிகளிலிருந்து வந்த உறுப்பினர்கள் இரு அவைகளிலும் உள்ளனர். கேள்வி நேரத்தில் இந்த மூன்று எண்களைக் கேட்டுப் பெறுவது அவர்களால் நிச்சயம் இயன்ற காரியம்.